உப்புக்கு ஒரு சட்டம் இருந்தது

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உப்புச் சத்தியாகிரகப் பாடத்தை நான் நடத்திக் கேட்டவர்கள் என்னைப் பற்றி வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிங்காநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வருடம் முழுக்க அடங்கிக் கிடக்கும் என் குரல் அந்தப் பாடம் வந்தால் மட்டும் பக்கத்து வகுப்புவரை கேட்கும். கணக்கு டீச்சர் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போவார்.

கரும்பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்து ஒரு பக்கம் நோக்கம், மறு பக்கம் வழி என்று எழுதுவேன். பெரிய நோக்கம் முழு விடுதலை. ஆனால் அதை நேராகப் போய்க் கேட்டால் ஆள்கிறவன் சிரிப்பான். ஆகவே கைக்கு எட்டுகிற ஒன்றை எடுத்தார்கள், உப்பு வரி. ஏழையும் பணக்காரனும், எந்தக் கோயிலுக்குப் போகிறவனும் சோற்றில் போட்டுக்கொள்ளும் ஒரு பொருள். அடுத்தது வழி. செய்யப்போவதை மறைக்காமல் முன்கூட்டியே எதிராளியிடம் சொல்லிவிட வேண்டும். ஊர் ஊராகச் செய்தி சேரும்படி மெதுவாக நடந்து போக வேண்டும். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், ஓடக்கூடாது, கை ஓங்கக்கூடாது. பிடித்து உள்ளே போட்டால் உலகம் பார்க்கும், கண்டுகொள்ளாமல் விட்டால் அந்தச் சட்டம் செத்துப்போகும். அரசாங்கம் எந்தப் பக்கம் காலை வைத்தாலும் சறுக்கும். இந்த இடத்தில் சாக்பீஸை வைத்துவிட்டுக் கைகளைத் தட்டிக்கொள்வேன், ஏதோ நானே உட்கார்ந்து போட்ட திட்டம் மாதிரி.

அந்தப் பெருமைக்குத்தான் என் தம்பி வேட்டு வைத்தான்.

எங்கள் ஊர் கருமத்தம்பட்டிக்கு வடக்கே இருக்கிறது. ஊரின் கடைசியில் எங்கள் காலனி. அங்கிருந்து அவிநாசி ரோட்டுக்கு வர ஒரே வழிதான், பெரிய வீதி. வீதி தொடங்குகிற இடத்தில் ஒரு வேப்பமரம், அதற்கு எதிரே வீதிக்காரர்களுடைய கோயில், கோயிலுக்கு முன்னால் ஒரு வேகத்தடை. காலனிக்காரர்கள் வேப்பமரத்தடியில் வண்டியை விட்டு இறங்கிவிடுவோம். வீதி முடிகிறவரை தள்ளிக்கொண்டு போய், தாண்டியதும் ஏறிக்கொள்வோம். அப்பா காலத்தில் சைக்கிள். என்னை கேரியரிலிருந்து தூக்கி இறக்கிவிடுவார். பிறகு மொபெட் வந்தது, பிறகு பைக், இப்போது கியர் இல்லாத ஸ்கூட்டர். வண்டிதான் மாறியதே ஒழிய இறங்குவது மாறவில்லை. எங்கள் ஆட்கள் தலைமுறையாக அந்த வீதிக்காரர்களின் தோட்டங்களில் பண்ணையாளாக இருந்தவர்கள். இப்போது ஒருத்தி நர்ஸ், ஒருவர் மின்வாரியத்தில் இருக்கிறார், நான் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு எல்லோரும் இஸ்திரி போட்ட துணியில்தான் வருவோம். வேப்பமரம் வந்துவிட்டால் எல்லோரும் பண்ணையாள்தான்.

தம்பி அந்த வீதியில் இருக்கும் ஒருவருடைய விசைத்தறி ஷெட்டில் தறி ஓட்டுகிறான். ஷெட்டும் வீதியின் மறுகோடியில்தான். அப்பா அந்த வீட்டைப் பண்ணாடி வீடு, அதாவது பண்ணையார் வீடு, என்று சொல்லுவார், தம்பி முதலாளி வீடு என்கிறான். வீடு ஒன்றுதான்.

ஒரு நாள் சாயங்காலம் அவன் சிங்காநல்லூருக்கு என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்த நாளைப் பற்றிச் சொன்னான். விடியற்காலையில் வலி எடுத்திருக்கிறது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் பைக்கில் உட்காரவைத்துக் கிளம்பியிருக்கிறான். வேப்பமரத்தடியில் நிறுத்தி அவளை இறங்கச் சொல்லியிருக்கிறான். வீதி நெடுக அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க, இவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். கோயில் மேடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்களாம். அவர்களில் ஒருவர் எழுந்து வந்து, பார்த்துக் கூட்டிக்கொண்டு போ என்று அக்கறையாகச் சொன்னாராம். ஏறிப் போ என்று யாரும் சொல்லவில்லை.

"பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுக்கறீங்கல்லீங்க்கா, வெள்ளைக்காரனை எப்படி அனுப்புனாங்கன்னு. எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுங்க" என்றான்.

என் தம்பியை எனக்குத் தெரியும். சட்டென்று கை நீட்டிவிடுகிற ஆள். அவன் ஒரு அடி திருப்பி அடித்தால் போதும், அவன்மேல்தான் கேஸ் வரும். தறி போகும், கைக்குழந்தையோடு அவள் தெருவில் நிற்பாள். கேஸோடு போனால்கூடப் பரவாயில்லை. இதைவிடச் சின்ன விஷயத்துக்கு எங்கள் பக்கத்தில் ஆளை வெட்டிப்போட்ட செய்திகளைக் காலையில் பேப்பரில் படிக்கிறவள்தானே நான். வேண்டாம் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். நீங்கள் வராவிட்டாலும் நான் போவேன் என்று கடைசியில் சொன்னான். அப்படிப் போனால் கண்டிப்பாக அடிதடியில் முடியும் என்று தெரிந்ததால்தான் நான் சேர்ந்தேன். என்னை வீராங்கனை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் காலனிக்குள் இருக்கும் எங்கள் சின்னக் கோயில் வளாகத்தில் கூடினோம். சாமியார் நாற்காலிகளைப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஜெபித்துக்கொள்கிறேன் என்று உள்ளே போய்விட்டார். ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். டீக்கடையில் தனி டம்ளர் கூடாது, சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும், பட்டா வேண்டும். எல்லாம் நியாயம்தான். நான் பிடிவாதமாக ஒன்றே ஒன்று என்றேன். எல்லோருடைய காலும் தினம் படுகிற ஒன்றை எடுப்போம், வண்டியை விட்டு இறங்காமல் அந்த வீதியில் போவது, அவ்வளவுதான் என்றேன். அதுதான் எங்கள் உப்பு. மின்வாரியத்துக்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரனுக்குக் கப்பல் இருந்தது, ஏறிப் போய்விட்டான். இவர்கள் எங்கே போவார்கள், நாளைக்கும் இதே வீதியில் அவர்கள் முகத்தில்தானே விழிக்க வேண்டும் என்று கேட்டார். நாம் கை ஓங்காமல் இருக்க அதுவும் ஒரு காரணம்தானே என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த வாரங்களில் ஒத்திகை பார்த்தோம். பாதிப் பேர் வீதிக்காரர்களாக நின்று வழி மறித்துத் திட்ட வேண்டும், மீதிப் பேர் பொறுத்துக்கொள்ள வேண்டும். திட்டச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குத் திட்ட வரவில்லை. "ஏனுங்க, வண்டிய விட்டு எறங்குங்க" என்று கல்யாணத்துக்குக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார்கள். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் மின்வாரியத்துக்காரர் தம்பியின் கன்னத்தில் உண்மையாகவே ஓர் அறை விட்டார். தம்பியின் கை அவருடைய சட்டைக் காலருக்குப் போய்விட்டது. பிடித்துப் பிரித்தோம். அன்று முதல் நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்ப அறை வாங்கினான். கொஞ்சம் கொஞ்சமாகக் கை தொடையோடு ஒட்டி நிற்கப் பழகியது. அவன் கண் மட்டும் பழகவில்லை.

முன்கூட்டியே எதிராளியிடம் சொல்வது என்று கரும்பலகையில் எழுதுவது சுலபம். நானும் தம்பியும் முதலாளி வீட்டுக்குப் போனபோது வழியெல்லாம் சொல்ல வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். வாசலிலேயே நாற்காலி போட்டார்கள். டீ வந்தது, அவருக்கு எவர்சில்வர் டம்ளரிலும் எங்களுக்குப் பேப்பர் கப்பிலும். வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காலனிக்காரர்கள் எல்லோரும் வண்டியை விட்டு இறங்காமல் வீதி வழியாகப் போகப்போகிறோம், யாருக்கும் எந்தத் தொந்தரவும் செய்யமாட்டோம் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"நாங்க யாரையும் எறங்கச் சொன்னதே இல்லீங்களே டீச்சர். சட்டம் கிட்டம் ஏதாச்சும் இருக்குதுங்களா? பஞ்சாயத்து ரோடு. தாராளமாப் போங்க" என்றார். பிறகு தம்பியைத் திரும்பிப் பார்த்து, "பாத்துப் போ கண்ணு. இப்பத்தான் புள்ள பொறந்திருக்குது" என்றார்.

அவர் கத்தியிருந்தால் எனக்குப் பாதி பயம்தான் இருந்திருக்கும். அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு மெதுவாக ஒருவர் குழந்தையைப் பற்றிப் பேசியது எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கத்தைக் கெடுத்தது.

போலீஸ் ஸ்டேஷனிலும் சொன்னோம். அங்கே இருந்த சப்-இன்ஸ்பெக்டர் ஒழுங்காகவே பேசினார். எந்தச் சட்டத்தை மீறப்போகிறீர்கள் என்று கேட்டார். எதையும் இல்லை என்றேன். அப்புறம் எதற்குப் போராட்டம், ரோட்டில் வண்டி ஓட்ட யாரிடம் சொல்ல வேண்டும் என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. உப்புக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு பிடி உப்பைக் கையில் எடுத்ததும் அது உடைந்தது, உடைந்ததை எல்லோரும் பார்த்தார்கள். எங்களுக்கு உடைக்க ஒன்றுமே இல்லை. எழுதாத ஒன்றை, யாரும் சொன்னதே இல்லை என்று சாதிக்கிற ஒன்றை எப்படி மீறுவது? பாடத்தில் அதற்கு வழி இல்லை. எப்படியும் வழி மறிப்பார்கள், மறித்தால் எல்லாம் வெளியே தெரிந்துவிடும் என்று நம்பிக்கொண்டேன். அடி விழாமல் இருக்க வேண்டும் என்று ஜெபம், மறிக்க வேண்டும் என்று திட்டம். இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒரு வார்த்தையும் என் காதில் ஏறவில்லை. வெளியே வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் தம்பி, அவனுக்குப் பின்னால் நான். அவன் மனைவி குழந்தையோடு எங்களுக்கு அடுத்த ஸ்கூட்டரில், நர்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் வரவேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். அன்றைக்கு நடந்தவள் நான்தானே என்றாள். கிளம்பினோம். தம்பியின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவன் முதுகு நனைந்திருந்தது.

வேப்பமரத்தடியில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். கோயில் மேடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் வீதியில் நின்ற தன் டிராக்டரை ஓரமாக எடுத்து நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார். முதலாளி தன் வீட்டு கேட்டில் சாய்ந்து நின்றார். ஒரு சத்தம் இல்லை. யாராவது ஏதாவது கத்தித் தொலைக்கமாட்டார்களா என்று இருந்தது.

வேகத்தடைக்காகத் தம்பி வேகத்தைக் குறைத்தான். அதற்குப் பிறகு நடந்ததை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் கால் தரையில் இருந்தது. தம்பியும் இறங்கி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்தான், எஞ்சினைக்கூட அணைத்திருந்தான். யார் முதலில் இறங்கினோம் என்று இதுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இறங்கியிருப்போம். பின்னால் ஒவ்வொரு வண்டியாக எஞ்சின் அணைகிற சத்தம் கேட்டது. மின்வாரியத்துக்காரரும் இறங்கினார். நர்ஸும் இறங்கினாள், தம்பி மனைவி குழந்தையோடு இறங்கினாள். யாரும் மறிக்கவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடியை வாங்கிக்கொள்ள அத்தனை வாரம் பழகியிருந்தோம். அடி இல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் பழகவில்லை. வீதி நெடுக வண்டிகளைத் தள்ளிக்கொண்டு, போலீஸ் காவலோடு நடந்தோம்.

பாதி தூரம் வந்த பிறகுதான் நான் நடக்கிறேன் என்றே எனக்கு உறைத்தது. ஏறு என்று தம்பியிடம் சொல்ல நினைத்தேன். அவன் தள்ளிக்கொண்டே போனான், நானும் கூடவே நடந்தேன்.

முதலாளி கேட்டை விட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தார். "நாந்தான் சொன்னனுங்களே டீச்சர். உங்காளுகளா எறங்கறாங்க. நாங்க என்ன பண்றதுங்க" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே வருத்தப்படுகிற முகத்தோடுதான் சொன்னார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

வீதி முடிந்ததும் யாரும் யாரையும் பார்க்காமல் ஏறிக் கலைந்துபோனோம். மத்தியானம் அதே வீதியில் தள்ளிக்கொண்டேதான் திரும்பினோம். தம்பி வீட்டில் ஆக்கி வைத்த பிரியாணி அப்படியே இருந்தது. அடித்திருந்தால்கூடத் தேவலை என்று அவன் ஒரே ஒரு முறை சொன்னான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, எங்கள் கால்கள்மேல்தான். ஆள்கிறவன் பயமுறுத்துவதால் ஆளப்படுகிறவன் பயப்படுகிறான், அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் ஆட்சி தானாக விழும் என்று வருடா வருடம் சொல்லிக்கொடுக்கிறேன். பயமுறுத்துகிறவன் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்ற பிறகும் முழங்காலுக்குக் கீழே அது தன் பாட்டுக்கு வேலை செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் டீச்சர் புத்தி போகுமா? விட்டுவிடக் கூடாது என்றேன். அந்தப் போராட்டங்களும் ஒரே நாளில் ஜெயித்தவை அல்ல, நடுவில் நின்று, திரும்பத் தொடங்கி, வருடக்கணக்கில் இழுத்தன என்றேன். சின்னக் கோயில் வளாகத்தில் மண்ணைக் குவித்து ஒரு வேகத்தடை செய்வோம், அதன்மேல் இறங்காமல் ஏறிப் பழகுவோம், அடுத்த ஞாயிறு மறுபடி போவோம் என்றேன். யாரும் தனியாகப் போகக்கூடாது, அது முக்கியம் என்று இரண்டு தடவை சொன்னேன். தம்பி தலையை ஆட்டினான். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை முதல் பீரியடுக்கு மணி அடிக்கிற நேரத்தில் அவன் மனைவி போன் செய்தாள். வேலைக்குக் கிளம்பும்போது, இன்றைக்கு இறங்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனானாம். தனியாக. அவன் போன் எடுக்கவில்லையாம். நானும் அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. போலீஸ் இல்லை, வரிசை இல்லை, பார்க்க ஒரு ஆள் இல்லை. இதைத்தானே செய்யாதே என்றேன். போனைச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரு பிள்ளையின் பெயரை இரண்டு முறை படித்தேன். நடத்த வேண்டியது இமயமலை ஆறுகள். எந்த ஆற்றுக்கு எந்த ஊரைச் சொன்னேனோ தெரியாது. ஆம்புலன்ஸ் சத்தம் ஒன்று திருச்சி ரோட்டில் போனது. அது எங்கேயோ போகிறது, எங்கள் ஊர் எங்கே, சிங்காநல்லூர் எங்கே என்று தெரிந்தும் கையிலிருந்த புத்தகம் விழுந்தது. முன் பெஞ்சுப் பெண் எடுத்துக் கொடுத்துவிட்டு, உடம்பு சரியில்லையா மிஸ் என்று கேட்டாள்.

இடைவேளையில் போன் அதிர்ந்தது. மாடிப்படிக்குக் கீழே ஓடினேன். பின்னால் லாரிகள் போகும் சத்தம் கேட்டது, பிறகு அவன் குரல்.

"எறங்கலீங்க்கா" என்றான்.

படியில் உட்கார்ந்துவிட்டேன். யாராவது அடித்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். வேகத்தடையில் கால் தானாகக் கீழே போனதாம். அதை மறுபடி தூக்கி வைக்க உயிர் போய் வந்ததாம். வீதி முடிகிறவரை முதல் கியரிலேயே ஓட்டியிருக்கிறான். முதலாளி கேட்டில் நின்று பார்த்திருக்கிறார், ஒன்றும் சொல்லவில்லை. ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் இவன் தறியில் வேறொரு ஆள் நின்றுகொண்டிருந்தான். இனி வரவேண்டாம் என்று மேஸ்திரி சொல்லி அனுப்பிவிட்டார். அது முதல் அவிநாசி ரோட்டில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். யாரிடமும் பேசப் பிடிக்காமல் போனை எடுக்கவில்லையாம்.

பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். ரொம்ப என்றான். என் தம்பி அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

வேறு ஷெட்டில் கேட்கலாம், திருப்பூர் பக்கம் பார்க்கலாம், கொஞ்ச நாள் குடும்பத்தோடு என் வீட்டில் வந்து இரு என்று படபடவென்று பேசிக்கொண்டே போனேன். நான் மூச்சு வாங்கியபோது, நாளைக்கும் போவேன் என்றான்.

"வேலைதான் போயிருச்சே. நாளைக்கு எங்கடா போவே?"

"எங்கியும் இல்லீங்க்கா. வீதிக்குள்ள போயிட்டுத் திரும்பி வருவேன்."

மணி அடித்தது. பிள்ளைகள் படியில் இறங்கி ஓடினார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கேட்டில் சாய்ந்து நின்ற முதலாளியின் அந்த முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. என் இரண்டு காலையும் பார்த்தேன், இப்போதே நடுங்கிக்கொண்டிருந்தன.

"தனியாப் போகாதே. லீவு போட்டுட்டு நானும் வாரேன்" என்றேன்.